நம் பங்கின் பேஸ்பால் நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரி 26 அன்று, பெங்களூரில் நம் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் எல்லோரும் சேர்ந்து பேஸ்பால் விளையாடப் போகிறோம் என்று பீடத்தில் அறிவிப்பு வாசித்த நாளிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. பூசை முடிந்து, குகை போலக் கட்டிய கெபி பக்கம் நின்றால் நாலு பேர் கேட்கிறார்கள். பால் பூத்தில் இரண்டு பேர். வாட்ஸப்பில் கணக்கே இல்லை. இளையோர் குழுவில் மட்டை, பந்து, கிளவுஸ் எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு என்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

என்றைக்கு, எங்கே, எத்தனை மணிக்கு?

குடியரசு தினம், திங்கட்கிழமை. காலை 6.30 மணிக்குக் கோயிலில் திருப்பலி. தமிழ், கன்னடம், ஆங்கிலம், கொங்கணி என்று நான்கு பாடகர் குழுவும் ஒன்றாகப் பாடும் பூசை அது. 8 மணிக்குப் பள்ளி மைதானத்தில் கொடியேற்றம். பிள்ளைகள் மிட்டாய் வாங்கிக்கொண்டு கலைந்ததும் மைதானம் நமக்கு. 9 மணிக்கு முதல் பந்து. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு.

அந்தத் தேதி விடுமுறை என்பதற்காகத்தான் முதலில் எடுத்தோம். அப்புறம் பார்த்தால் அது நன்றாகவே பொருந்தி வருகிறது. ஜனவரி 26 திருச்சபையின் நாள்காட்டியில் புனிதர்கள் திமொத்தேயு, தீத்து இருவரின் நினைவு நாள். பவுல் தன் முடிவு நெருங்கிவிட்டது என்று தெரிந்து, ஓட்டத்தை முடித்துவிட்டதாக எழுதியது இந்தத் திமொத்தேயுவுக்குத்தான். ஐந்து நாள் கழித்து, 31-ஆம் தேதி, தொன் போஸ்கோ திருநாள். தூரின் நகரத்தில் வேலை தேடி அலைந்த பையன்களை அவர் சேர்த்துக்கொண்ட இடத்தில், செபத்துக்கும் படிப்புக்கும் இருந்த இடம் விளையாட்டுக்கும் இருந்தது. ஓடி ஆடுவதைப் பக்திக்கு இடைஞ்சலாக அவர் பார்க்கவில்லை.

கிரிக்கெட் இருக்கும்போது பேஸ்பால் எதற்கு?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கிரிக்கெட் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வத்திக்கானுக்கே ஒரு கிரிக்கெட் அணி உண்டு. உரோமையில் படிக்கிற நம் நாட்டுக் குருமாணவர்களும் குருக்களும் அதில் இருந்தார்கள். 2014-இல் இங்கிலாந்துக்குப் போய், கேன்டர்பரியில் ஆங்கிலிக்கன் திருச்சபை அணியோடு ஆடினார்கள்.

நம் பங்கிலும் பல வருடம் கிரிக்கெட்தான் நடத்தினோம். ஒவ்வொரு வருடமும் அதே இருபது பையன்கள்தான் ஆடினார்கள். மற்றவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். அதுகூடப் பரவாயில்லை. அணிகள் பூசை நேரப்படி அமைந்தன. ஆறு மணித் தமிழ்ப் பூசைக்கு ஒரு அணி, எட்டரை மணி ஆங்கிலப் பூசைக்கு ஒன்று, கன்னடப் பூசைக்கு ஒன்று. முதல் வருடம் வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் வருடம் கைதட்டல் வேறு மாதிரி ஆனது. ஒரு எல்பிடபிள்யூவில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போய், இரண்டு குடும்பங்கள் தவக்காலம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. பெங்களூரில் மொழி என்ற பேச்சு எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பெஞ்சில், பூசை நேரம் மட்டும் வேறாக, வருடக்கணக்கில் உட்காருகிறோம். முகம் தெரியும், பெயர் தெரியாது. இது எனக்குப் பெரிய வருத்தம்.

அந்த நேரத்தில்தான், சிகாகோவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுக் காக்ஸ் டவுனுக்கே திரும்பிவந்த ஒரு அண்ணன் ஒரு பை நிறையப் பழைய கிளவுஸும் இரண்டு மட்டையும் கொண்டுவந்தார். போன ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள் பூசை முடிந்து, சும்மா ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்தோம். அன்று மைதானமெல்லாம் ஒரே சேறு.

முதலில் மட்டையைப் பிடித்தவர் நம் மறைக்கல்வி டீச்சர். நான்காவது பந்து பட்டுவிட்டது. பேஸ்பாலில் அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். அவர் கிரிக்கெட் பார்த்த பழக்கத்தில் மட்டையோடு ஓடினார். கன்னடப் பூசைக்கு வரும் பெரியவர் ஒருவர் ஓரத்திலிருந்து, 'பேட் பிடி! பேட் பிடி!' என்று கத்தினார். கன்னடத்தில் அதற்கு 'விடுங்கள்' என்று அர்த்தம். ஓடுகிற அவசரத்தில் டீச்சர் காதில் அது தமிழாக விழுந்தது. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதல் பேஸில் போய் விழாத குறையாக நின்றார். பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் இரண்டு பேரும் விஷயம் புரிந்து சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். பதினான்கு வருடம் ஒரே கோயிலுக்கு வருகிறவர்கள், அன்றைக்குத்தான் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

பேஸ்பாலை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் காரணம் இதுதான். இந்த ஆட்டம் நம்மில் யாருக்கும் தெரியாது. தெருக் கிரிக்கெட்டில் தேறிய பையனுக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது. எல்லோரும் முதல் வகுப்பு. பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்டுத்தான் ஆட வேண்டும்.

எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். இது எப்படி ஆடுவது?

கிரிக்கெட் தெரிந்தவருக்கு ஐந்து நிமிடம் போதும்.

ஒரு சதுரத்தை மூலையில் நிறுத்திவைத்தது போல நினைத்துக்கொள்ளுங்கள். கீழ் மூலை ஹோம் பிளேட், ஐந்து முனை உள்ள ஒரு தட்டு. அடிப்பவர் அங்கே நிற்பார். வலப்பக்கம் முதல் பேஸ், நேர் எதிரே இரண்டாவது, இடப்பக்கம் மூன்றாவது. இந்த வரிசையில் சுற்றி ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன். ஒரே அடியில் சுற்றி வர வேண்டும் என்றில்லை. ஒரு பேஸில் நின்றுகொண்டு, அடுத்தவர் அடிக்கும்போது மேலே போகலாம்.

பந்து தரையில் குத்தி வராது, எல்லாமே ஃபுல்டாஸ். தட்டின் மேலாக, முட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வந்த பந்தை அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக். வீசித் தவறினாலும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட். எறிபவர் இடம் தவறி நான்கு பந்து போட்டுவிட்டால், அடிப்பவர் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம்.

பின்பக்கம் தட்டிவிட்டு ரன் எடுக்கும் வேலை இங்கே நடக்காது. ஹோமிலிருந்து முதல் பேஸ் வழியாகவும் மூன்றாம் பேஸ் வழியாகவும் இரண்டு கோடு போகும். அடித்த பந்து அந்தக் கோடுகளுக்குள் போக வேண்டும். வெளியே போனால் ஃபவுல். உள்ளே போய்விட்டால் கட்டாயம் ஓட வேண்டும், இந்தப் பந்துக்கு வேண்டாம் என்று நிற்க முடியாது. நீங்கள் முதல் பேஸைத் தொடுவதற்குள் அங்கே நிற்கிறவர் பந்தைக் கையில் வாங்கிப் பேஸை மிதித்துவிட்டால் அவுட், நம் ரன் அவுட் மாதிரி. தரையில் படாமல் பந்தைப் பிடித்தாலும் அவுட். மூன்று பேர் அவுட் ஆனதும் அடுத்த அணி அடிக்க வரும். இரண்டு அணியும் ஒருமுறை அடித்து முடித்தால் ஒரு இன்னிங்ஸ். அசல் ஆட்டத்தில் அணிக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ்.

எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாக்ரிஃபைஸ் என்றே அதற்குப் பெயர், தியாகம். தன் அணிக்காரர் ஒருவர் பேஸில் நிற்கும்போது, அடிப்பவர் பந்தை ஓங்கி அடிக்காமல் மட்டையை நீட்டி மெல்லத் தட்டிவிடுவார். பந்து காலடியில் உருளும். எதிரணி அதை எடுத்து முதல் பேஸுக்கு எறிய, தட்டியவர் அவுட் ஆகிவிடுவார். அதற்குள் முன்னால் நின்றவர் ஒரு பேஸ் முன்னேறியிருப்பார். தான் அவுட் ஆவோம் என்று தெரிந்தே செய்வது. கணக்கு எழுதுகிறவர்களும் அதை அவருடைய அடிக்கும் சராசரியில் சேர்ப்பதில்லை. ஆகஸ்டில் லிங்கராஜபுரத்துக் கல்லூரிப் பையன் ஒருவன், ஓங்கி அடித்தால் சுவர் தாண்டும் கை, இரண்டாம் பேஸில் மூச்சு வாங்க நின்ற தாத்தா ஒருவருக்காகப் பந்தை இப்படித் தட்டிவிட்டான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அன்று காலைதான் விதியைக் கேட்டிருந்தான்.

டிவியில் பார்க்கும் அதே அளவா? நம்மால் ஓட முடியுமா?

அசல் அளவில் பேஸுக்குப் பேஸ் 90 அடி, அதாவது 27.4 மீட்டர். எறிபவர் நிற்கும் இடம் ஹோமிலிருந்து 60 அடி 6 அங்குலம். நமக்கு அது வேண்டாம். பேஸுக்கு இடையே 60 அடி வைத்திருக்கிறோம், அமெரிக்காவில் சின்னப் பையன்கள் ஆடும் அளவு. ஆட்டம் ஐந்து இன்னிங்ஸ். களத்தில் பன்னிரண்டு பேர் நிற்கலாம். எறிபவர் உங்கள் அணிக்காரரே, கையைக் கீழாக வீசி, நீங்கள் அடிக்கிற மாதிரி போடுவார். மூன்று அவுட் ஆகாவிட்டாலும் எட்டுப் பேர் அடித்ததும் அணி மாறும். பெயர் கொடுத்த எல்லோரும் ஒருமுறையாவது அடிக்காமல் ஆட்டம் முடியாது.

பந்து பட்டால் அடிபடுமா?

அசல் பந்து கல் மாதிரிதான். 142-லிருந்து 149 கிராம் எடை. கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் லேசு, அவ்வளவுதான். அதனால் நாம் ஆடுவது உள்ளே மெத்தென்ற ரப்பர் வைத்த பயிற்சிப் பந்தில். அடிப்பவர், பேஸில் ஓடுபவர், ஹோமுக்குப் பின்னால் பிடிப்பவர் மூவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பிடிப்பவருக்கு முகக்கவசமும் உண்டு. ஆகஸ்டில் ஹெல்மெட் இல்லாமல் ஆடி ஒரு பையனுக்கு உதடு கிழிந்தது. அது என் கவனக்குறைவு. இந்த முறை ஹெல்மெட் போடாதவர் கையில் மட்டை தர மாட்டேன். பங்கில் நர்ஸ் வேலை பார்க்கும் இரண்டு அக்காக்கள் முதலுதவிப் பெட்டியோடு மாமரத்தடியில் இருப்பார்கள்.

அசல் பந்தையும் பார்க்கலாம், மேஜையில் வைத்திருப்போம். போன மாதம் பூசைக்குப் பிறகு அதைப் பெஞ்சில் கைக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தோம். ஃப்ரேசர் டவுனில் நாற்பது வருடம் தையல் வேலை பார்த்த பாட்டி ஒருவர் அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சிவப்பு நூலின் மேல் நகத்தை ஓட்டிக்கொண்டே போனார். 'இது மெஷின் இல்லைப்பா, கைத்தையல். இரண்டு ஊசி போட்டு இழுத்திருக்கான்' என்றார். அவர் சொன்னது சரி. பந்தின் இரண்டு தோல் துண்டுகளையும் 108 இரட்டைத் தையல் போட்டு இணைக்கிறார்கள், இன்றைக்கும் கையால்தான். அமெரிக்காவின் பெரிய லீக் ஆட்டங்களுக்கான பந்துகள் கோஸ்டாரிகாவில் தைக்கப்படுகின்றன. நான் படித்துத் தெரிந்துகொண்டதைப் பாட்டி நகத்தாலேயே கண்டுபிடித்தார்.

பேஸ்பாலுக்கும் திருச்சபைக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்க மோகமா?

இதைக் கேட்ட பெரியவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட நம் திருத்தந்தை பதினான்காம் லியோ சிகாகோவில் பிறந்தவர். அந்த ஊரில் இரண்டு பெரிய அணிகள். அவர் தென்பகுதியின் ஒயிட் சாக்ஸ் பக்கம். 2005-இல் அந்த அணி இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தை ஆடியபோது, அன்று அகுஸ்தீன் சபையின் உலகத் தலைவராக இருந்த அவர், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தது தொலைக்காட்சிப் படத்தில் பதிவாகியிருக்கிறது. திருத்தந்தையானதும் அந்தப் பழைய காட்சியைத் தேடி எடுத்துவிட்டார்கள். ஒயிட் சாக்ஸ் அந்தத் தொடரை வென்றது. அதற்கு முன் வென்றது 1917-இல். எண்பத்தெட்டு வருடம் காத்திருந்த ரசிகர்கள் அவர்கள்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒருவர் கதை. பேப் ரூத் என்ற பெயரைப் பேஸ்பால் தெரியாதவர்களும் கேட்டிருப்பார்கள். 714 ஹோம் ரன், அதாவது ஒரே அடியில் எல்லாப் பேஸையும் சுற்றி வரும் அடி, அடித்தவர். ஏழு வயதில், வீட்டில் அடங்காத பிள்ளை என்று, பால்டிமோர் நகரில் சவேரியார் பெயரைத் தாங்கிய துறவற சகோதரர்கள் நடத்திய புனித மரி தொழிற்பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே சட்டை தைக்கக் கற்றுக்கொண்டார். பேஸ்பாலையும் அங்கேதான் கற்றார். கற்றுக்கொடுத்தவர் பிரதர் மத்தியாஸ், ஆறடிக்கு மேல் உயரமான மனிதர். 1914-இல் அந்தப் பள்ளியிலிருந்துதான் ரூத்தை ஒரு அணி எடுத்துக்கொண்டது. பிற்பாடு பள்ளி தீப்பிடித்து எரிந்தபோது, அதைத் திரும்பக் கட்ட நிதி சேர்க்க அவர் முன்வந்தார். நம் ஊரிலும் பள்ளியோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பந்தைக் கையில் கொடுத்தால் பேச ஆரம்பிக்கிற பிள்ளைகள். நான் இளையோர் குழுவில் இருப்பதே அவர்களுக்காகத்தான்.

இன்னொருவர் ரொபெர்த்தோ கிளெமென்டே. புவேர்ட்டோ ரிக்கோக்காரர், கத்தோலிக்கர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக ஆடினார். 1972-இல் தன் 3,000-ஆவது ஹிட்டை அடித்தார். பந்தை அடித்து அவுட் ஆகாமல் பேஸ் சேர்ந்தால் அது ஒரு ஹிட். அந்த வருடக் கடைசியில் நிக்கராகுவாவில் பெரிய நிலநடுக்கம். நிவாரணப் பொருட்களைத் தானே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று டிசம்பர் 31 இரவு விமானத்தில் ஏறினார். விமானம் கடலில் விழுந்தது. கணக்கில் 3,000 அப்படியே நின்றுவிட்டது.

அதே பைரேட்ஸ் அணி நிர்வாகம்தான் 2008-இல் உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் எடுத்தது. ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள், அதற்குமுன் பேஸ்பாலைத் தொட்டதுகூட இல்லை. ஆகவே நமக்கு இது வராது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அணிகள் எப்படிப் பிரிக்கப்படும்? தமிழ்ப் பூசைக்காரர்கள் ஒரே அணியில் இருக்கலாமா?

இருக்க முடியாது. இதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். குலுக்கல் சீட்டுதான். பூசை முடிந்து வெளியே வரும்போது வாசலில் கூடையிலிருந்து ஒரு ரிப்பன் எடுப்பீர்கள். நீலம், மஞ்சள், பச்சை, வெள்ளை. கணவன் நீலத்திலும் மனைவி மஞ்சளிலும் போகலாம், அதை மாற்றித் தரச் சொல்லாதீர்கள். அணிகளுக்கு ஊர்ப் பெயரோ மொழிப் பெயரோ அன்பியத்தின் (பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) பெயரோ கிடையாது, நிறம் மட்டும்தான். ரன் கணக்கை மறைக்கல்வி வகுப்புக் கரும்பலகையில் எண்ணில் மட்டும் எழுதுவோம்.

ஒரே ஒரு விதி கூடுதலாக உண்டு. அடிக்க வருகிறவர் பெயரை அவர் அணியிலிருந்து ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். 'அந்த அங்கிள்', 'டிசோசா வீட்டு அம்மா' என்று சொன்னால் செல்லாது. தெரியாவிட்டால் போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள், காத்திருக்கிறோம்.

எனக்கு அறுபத்தைந்து வயது, முட்டி வலி. வந்து என்ன செய்வது?

வாருங்கள். எறிகிற பந்தை அடிக்க முடியாதவர்களுக்கு இடுப்பு உயரக் குழாய் ஒன்று இருக்கிறது. அதன்மேல் பந்தை நிறுத்திவைப்போம், நின்ற பந்தை அடிக்கலாம். அடித்த பிறகு உங்களுக்காக ஓட ஒரு பிள்ளை தயாராக நிற்பான். அதுவும் வேண்டாம் என்றால் கரும்பலகைக் கணக்கு இருக்கிறது, மோர்ப் பானை இருக்கிறது. மரத்தடியில் நாற்காலிகளும் இருக்கும், ஆனால் வெறுமே பார்க்கிறவர்களுக்கு அல்ல, ஆடி முடித்தவர்களுக்கு.

சேலையில் விளையாடலாமா?

டீச்சர் சேலையில்தான் ஓடினார். சுடிதார் வசதி. செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு?

பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் மைதானச் சுவர் பக்கம் தனி இடம், சிஸ்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். குழாயில் வைத்த பந்து, பிளாஸ்டிக் மட்டை. அவுட் கிடையாது.

மைதானத்தில் கோடு யார் போடுவது? உதவிக்கு வரலாமா?

கட்டாயம் வாருங்கள், ஞாயிறு மாலை 4 மணிக்கு. கோடு போடுவது லேசான வேலை இல்லை. ஆகஸ்டில் நாங்கள் கண்ணளவில் போட்டு, சதுரம் ஒருபக்கம் கோணிக்கொண்டு நின்றது. இந்த முறை நம் பங்கின் மேஸ்திரி அண்ணன் பொறுப்பேற்றிருக்கிறார். போன வாரம் ஒத்திகை பார்த்தார். ஹோமில் ஒரு ஆணி அடித்து, கயிற்றில் 3, 4, 5 கணக்குப் பிடித்து, வீட்டுக்கு மூலைமட்டம் பார்ப்பது போலவே பார்த்தார். பக்கம் 60 அடி என்றால் ஹோமிலிருந்து இரண்டாம் பேஸுக்குக் குறுக்களவு 84 அடி 10 அங்குலம் வர வேண்டும் என்று நான் போனில் கணக்குப் போட்டுச் சொல்வதற்குள், அவர் அங்கே போய் ஆணியை அடித்துவிட்டார். டேப்பைப் பிடித்துப் பார்த்தால் ஒரு அங்குலம்தான் வித்தியாசம்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் எரியும் என்பதால் கோலமாவுதான். அதற்குப் பாட்டிமார் போதும். கயிற்றோரமாகக் குனிந்து, விரல் இடுக்கில் மாவை விட்டுக்கொண்டே பின்னால் நடந்து 60 அடியை நேராக இழுத்துவிடுகிறார்கள். பேஸ்கள் மணல் நிரப்பிய அரிசிச் சாக்குகள். ஹோம் பிளேட் பழைய ரப்பர் மிதியடியை வெட்டிச் செய்தது. யார் வீட்டிலாவது பத்துக் கிலோ அரிசிச் சாக்கு இருந்தால் இன்னும் இரண்டு வேண்டும்.

அம்பயர் யார்? சண்டை வந்தால்?

பக்கத்துப் பங்கிலிருந்து ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர் வருகிறார். ஒரு மாதமாக விதிப் புத்தகத்தோடுதான் இருக்கிறார். அவர் சொன்னால் சொன்னதுதான். எதிர்த்துப் பேசினால் அந்த அணியே ஒரு ரன் இழக்கும். மன்னிப்புக் கேட்டால் ரன் திரும்பக் கிடைக்கும்.

ஃபாதரும் விளையாடுவாரா?

விளையாடுவார். அவரும் கூடையில் ரிப்பன் எடுப்பார். ஸ்தோத்திரம் ஃபாதர் என்று சொல்லிவிட்டு அவுட் ஆக்கலாம், தப்பில்லை என்று அவரே சொல்லச் சொன்னார்.

கத்தோலிக்கர் அல்லாத நண்பர்களை அழைத்து வரலாமா?

தாராளமாக. பூசைக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கொடியேற்றத்துக்கு வந்தால் போதும். பக்கத்துத் தெரு இசுலாமியக் குடும்பங்களும் போன முறை வந்தார்கள். சாப்பாட்டுக்கான கோழி ஹலால் கடையில்தான் வாங்குகிறோம். சைவம் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி.

சாப்பாடு என்ன?

கொடியேற்றம் முடிந்ததும் காரா பாத், கேசரி பாத், காபி. மதியம் குஸ்கா, கோழிக் குழம்பு, தயிர்ப் பச்சடி. சைவத்துக்குக் காய்கறிக் குருமா, தயிர்ச் சாதம். கொங்கணிக் குடும்பங்கள் சன்னாஸ் அவித்துக் கொண்டுவருகிறார்கள். கன்னடப் பூசைக் குழுவினர் ராகி முத்தே எனும் களியும் கீரைச் சாறும் செய்கிறார்கள். நீங்களும் ஒரு டப்பாவில் ஏதாவது கொண்டுவரலாம், மொழிவாரியாக மேஜை போடப் போவதில்லை. எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும்.

சொந்தத் தட்டும் டம்ளரும் எடுத்து வாருங்கள். போன முறை காகிதத் தட்டுகளைப் பொறுக்கி முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆனது.

எவ்வளவு கட்ட வேண்டும்?

ஒரு குடும்பத்துக்கு 200 ரூபாய், எத்தனை பேர் வந்தாலும். முடியாதவர்கள் கட்ட வேண்டாம், யாரிடமும் காரணம் சொல்லவும் வேண்டாம். பெயர் மட்டும் கொடுங்கள். மீதி வரும் பணம் வின்சென்ட் தே பவுல் சபையினர் வழியாகப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் போகும்.

முன்கூட்டியே பழகிப் பார்க்க முடியுமா?

சனிக்கிழமை மாலை 5 முதல் 6 வரை மைதானத்தில் இருக்கிறோம். கிளவுஸில் பந்து பிடிப்பதை மட்டும் ஒருமுறை பழகிக்கொண்டால் போதும். கிளவுஸ் இடக்கையில் மாட்ட வேண்டும், எறிவது வலக்கை. இடக்கைக்காரர்களுக்கு நேர் எதிர். பந்தைக் கையால் பிடிக்கப் போகாமல், கிளவுஸைத் திறந்து அதன் பள்ளத்துக்குள் விழவிட்டு மூடுங்கள்.

எப்படி வருவது?

லிங்கராஜபுரம், ஃப்ரேசர் டவுன் பக்கத்துக்காரர்களுக்கு நடைதூரம். மெட்ரோ என்றால் ஊதா வழித்தடத்தில் அல்சூரில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். வண்டிகளைப் பள்ளிப் பின்வாசலில் நிறுத்துங்கள், கோயில் முன்னால் வேண்டாம், சவ வண்டி வந்துபோக வழி இருக்க வேண்டும். ஜனவரிக் காலை குளிரும், பதினொரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். ஸ்வெட்டரும் தொப்பியும் இரண்டும் எடுத்து வாருங்கள்.

என்னிடம் பழைய கிளவுஸ் இருக்கிறது, தரலாமா?

தாருங்கள். இப்போது பத்தொன்பது இருக்கிறது, இருபத்து நான்கு வேண்டும். இடக்கைக்காரர்கள் மாட்டுகிறது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அந்த மாதிரி இன்னும் கிடைத்தால் ரொம்ப நல்லது, நம் பங்கில் குறைந்தது ஐந்து இடக்கைக்காரர்களை எனக்கே தெரியும். தோல் காய்ந்து விறைத்திருந்தாலும் பரவாயில்லை. தேங்காய் எண்ணெய் கொஞ்சமாகத் தடவி, உள்ளே ஒரு பந்தை வைத்துக் கயிற்றால் கட்டி இரண்டு நாள் வைத்தால் இளகிவிடும். ஞாயிறு காலைப் பூசைகளுக்குப் பிறகு கெபி பக்கத்து மேஜையில் கொடுங்கள், உங்கள் பெயரை உள்பட்டையில் எழுதி வாங்கிக்கொள்கிறேன்.